அயர்லாந்துப் பட்டமும் காட்டூர் வாரிசும்

தொரை, இன்று காலை உன் மகன் டெரிக் ஸ்ரீரங்கத்துக்கு வந்து என் மேசைமேல் ஒரு ஃபைலை வைத்தான். ரப்பர் பேண்டைக் கழற்றியதும் அந்துருண்டை வாசனை முகத்தில் அடித்தது. கூடவே ஒரு துண்டு சாக்பீஸ் உருண்டு தரையில் விழுந்தது. அரை விரல் நீளம்கூட இருக்காது. நீ போய் இன்றோடு நாற்பது நாள் ஆகிறது. உன் பெட்டியைக் குழிக்குள் இறக்கியபோது வராத அழுகை, குனிந்து அந்தச் சாக்பீஸைத் தேடும்போது வந்தது. அது கட்டிலுக்கு அடியில் போய்விட்டிருந்தது. கிடைத்த பிறகும் கொஞ்ச நேரம் தேடிக்கொண்டிருப்பதுபோலவே குனிந்திருந்தேன். டெரிக் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். உன் பிள்ளைக்கு எப்போது எதைப் பார்க்கக் கூடாது என்று தெரியும்.

உனக்குத் தொரை என்று பெயர் வைத்தது யார் என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. ஆங்கிலோ இந்தியன் என்றால் வெள்ளைவெளேரென்று இருக்க வேண்டும் என்று பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நீயோ என்னைவிட ஒரு சுற்றுக் கறுப்பு. அந்தக் கேலிக்காகவே தொரை. நீ பதிலுக்கு என்னை ஐயங்கார் என்றாய். அதில் கேலி எதுவும் இல்லாததால் நஷ்டம் எனக்குத்தான்.

நீ வீல் ஷாப்பில் இன்ஸ்பெக்டர். நான் ஆபீசில் எஸ்டாப்ளிஷ்மென்ட் குமாஸ்தா; லீவு, ரயில் பாஸ், சர்வீஸ் ரிஜிஸ்டர் எல்லாம் என் கையில். சக்கரத்தைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்பாய். சத்தம் சரியாக இருந்தால் சாக்பீஸால் பெரிதாக ஒரு டிக். தேறாது என்றால் ‘கண்டெம்ன்ட்’ என்பதைச் சுருக்கி ‘கண்டம்’ என்று எழுதுவாய். அப்புறம் அந்தச் சக்கரம் ஓடாது, உலைக்குத்தான் போகும். உலகத்தில் எல்லாவற்றுக்கும் உன்னிடம் இந்த இரண்டே தீர்ப்புதான். கான்டீன் வடை கண்டம். புதிதாக வந்த அதிகாரி கண்டம். என் மனைவியின் புளியோதரைக்கு டிக். ரிட்டயர் ஆன பிறகும் உன் பேன்ட் பையில் ஒரு சாக்பீஸ் கிடந்தது. துவைக்கிற அன்று எடுத்து வைக்காமல் உன் மனைவியிடம் திட்டு வாங்குவாய்.

டெரிக் உங்கள் வீட்டுக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? கல்யாணமாகிப் பதினோரு வருடம் உங்களுக்குப் பிள்ளையில்லை. பாலக்கரையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஓர் இல்லத்திலிருந்து ஏழு மாதக் குழந்தையைத் தூக்கி வந்தீர்கள். அடுத்த திங்கட்கிழமையே நீ என் மேசை முன்னால் நின்றாய். குடும்ப பாஸில் பெயர் சேர்க்க வேண்டும்.

“மகன்னு எழுதிக்க மேன். பேரு டெரிக்.”

“மகன், தத்துன்னு சேத்து எழுதணும்.”

“எழுதலேன்னா பாஸ் குடுக்க மாட்டியா?”

“பாஸ் எல்லாம் ஒண்ணுதான். ஆனா ரூல்ல அப்படி எழுதச் சொல்லியிருக்கு.”

“ரெண்டுக்கும் பாஸ் ஒண்ணுதான்னா அந்த வார்த்தை எதுக்கு? தேவையில்லாத பார்ட் மேன் அது.”

நான் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி, “நானும் தத்துப்பிள்ளைதான், தெரியுமா உனக்கு? அதுல ஒரு குறைச்சலும் கிடையாது,” என்றேன். நீ என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாய். நான் எழுதினேன், நீ கையெழுத்துப் போட்டாய். ரிஜிஸ்டர் ஓரத்தில் உன் விரலில் இருந்த வெள்ளைத் தூள் ஒட்டிக்கொண்டது. அதை ஊதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

நான் பெருமையாகத்தான் சொன்னேன், தொரை. அதை நீ நம்ப வேண்டும். எனக்கு ஐந்து வயதாக இருக்கும்போது ஸ்வீகாரம் கொடுத்தார்கள். எங்கள் குடும்பத்துக்குக் கோயிலில் ஒரு பாத்தியதை உண்டு. வருடத்தில் ஒரு நாள், உற்சவத்தில், பெருமாள் முன்னால் தீர்த்தமும் சடாரியும் பெற்றுத் தலையில் பரிவட்டம் கட்டிக்கொள்வது. அது மூத்த பிள்ளை வழியில் வருவது. மூத்தவரான என் பெரியப்பாவுக்குப் பிள்ளையில்லை. வாங்கிக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் மரியாதை எங்கள் வீட்டைவிட்டுப் போய்விடும். ஆகவே ஹோமம் வளர்த்து, வீதி முழுக்கச் சாப்பாடு போட்டு, என்னை அவருக்குக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து பெரியப்பா எனக்கு அப்பா. இரண்டு வீதி தள்ளியிருந்த, என்னைப் பெற்றவள் எனக்குச் சித்தி. ஒரு தீபாவளிக்கு எண்ணெய் வைத்துக்கொள்ளப் போனபோது வாய் தவறி அம்மா என்று கூப்பிட்டுவிட்டேன். அவள்தான் என்னைத் திருத்தினாள்.

எங்கள் பக்கத்தில் ஸ்வீகாரப் பிள்ளைக்கு எதுவும் குறையாது. பெற்ற பிள்ளைக்கு உள்ளதெல்லாம் உண்டு. ஊரறிய, அக்னி அறியக் கொடுத்த பிள்ளை என்று சொல்வதே ஒரு கௌரவம். அந்தச் சொல்லை மறைப்பதுதான் கேவலம் என்று வளர்ந்தவன் நான். இதைத் தெரிந்துகொண்டால்தான் நான் பின்னால் செய்த முட்டாள்தனம் புரியும்.

ஏழெட்டு வருடத்துக்கு முன்னால், நாம் இரண்டு பேரும் ரிட்டயராகி, நீ காட்டூரில் வீடு கட்டிக் குடியேறி, உன் மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு, அந்தக் கடிதம் வந்தது. அயர்லாந்தில் பரம்பரை தேடித் தருவதையே தொழிலாகச் செய்கிற ஒருவர் உன் மாதா கோயிலுக்கு எழுதியிருந்தார். ஃபாதர் உன்னிடம் கொடுத்தார். நீ அதை எடுத்துக்கொண்டு நேராக ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறிவிட்டாய். செருப்பைக் கழற்றாமல் கூடம்வரை வந்த ஒரே நாள் அதுதான். என் மனைவிகூட ஒன்றும் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். அங்கே ஏதோ ஓர் ஊரின் பெயரில் ஒரு பாரன் பட்டம். பிரபு என்று வைத்துக்கொள்ளலாம். அப்பனுக்குப் பின் மூத்த பிள்ளை, அவனுக்குப் பின் அவன் மூத்த பிள்ளை என்று தலைமுறை தலைமுறையாக அண்ணன் வழியிலேயே போய்க்கொண்டிருந்தது. அந்த வழியில் கடைசியாக இருந்தவர் பிள்ளையில்லாமல் இறந்துபோனார். அதன்பின் தம்பிகளின் வழியைத் தேடியிருக்கிறார்கள். ஒரு தம்பி பட்டாளத்தில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தவர். அவர் பிள்ளை ரயில்வேயில் சேர்ந்தார், அவர் பிள்ளை உன் டாடி. அங்கே தொடங்கிய வழி காட்டூரில் உன் வாசலில் வந்து நின்றது.

நான் சிரித்தேன். “இனிமே உன்னை நிஜமாவே தொரைன்னு கூப்பிடணுமா?” என்றேன். நீ சிரிக்கவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாய். அப்புறம்தான் அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னாய்.

உன் டாடி இன்ஜின் டிரைவர். ரயில்வே இன்ஸ்டிட்யூட் கிளப்பில் சீட்டாடும்போதெல்லாம் தன் வம்சம் அயர்லாந்தில் பிரபு வம்சம் என்று சொல்வாராம். யாரும் நம்பவில்லை. ‘லார்டு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஷெட்டுக்குள் அவர் நுழைந்தால் ஃபயர்மேன்கள் இடுப்பை வளைத்துச் சலாம் போடுவார்களாம். அவர் ரிட்டயரான அன்று, மாலையோடு அட்டையில் செய்து ஜிகினா ஒட்டிய கிரீடம் ஒன்றையும் தலையில் வைத்துவிட்டார்கள்.

“நானும் அங்கதான் நின்னேன் மேன். பத்தொம்போது வயசு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். டாடி வேற யாரையும் பாக்கல, என்னைய மட்டும் பாத்தாரு.”

நான் கடிதத்தை மறுபடியும் படிப்பதுபோல் வைத்துக்கொண்டேன்.

“பட்டத்த வச்சு நான் என்ன செய்யப் போறேன், காட்டூர்ல? அதுக்கில்ல ஐயங்கார். டாடி பொய் சொல்லலேன்னு எங்கயாவது ஒரு இடத்துல எழுதியிருக்கணும். எழுத்துல வேணும் எனக்கு.”

எழுத்து என்றால் நான்தானே? முப்பத்தைந்து வருடம் அதைத் தவிர வேறென்ன செய்தேன்? அந்தக் கோடை முழுக்க நாம் இரண்டு கிழவர்களும் குடையும் தண்ணீர் பாட்டிலுமாக அலைந்தோம். ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றுக்கும் சான்று வேண்டும் என்று, பிரிட்டிஷ் ராஜாங்கம் கொடுத்த பட்டம் என்பதால், லண்டனில் இதைக் கவனிக்கிற அலுவலகம் கேட்டிருந்தது. பாலக்கரையில் ஒரு கோயிலின் பழைய பதிவேட்டில் உன் பாட்டனாரின் திருமணத்தைக் கண்டுபிடித்தோம். பூச்சி அரித்த பக்கம். மணமகள் பெயர் இருந்த இடத்தில் ஒரு ஞானஸ்நானப் பெயர். தகப்பன் பெயருக்கு ஒரு கோடு. அதற்குக் கீழே இந்த ஊர்ப் பெண் என்று ஒரு குறிப்பு. நீ அந்த வரியில் விரலை வைத்து, “எனக்குக் கலர் வந்த ரூட்டு இதான் மேன்,” என்றாய். பக்கத்தில் நின்ற ஃபாதர் இருமலை வரவழைத்துக்கொண்டார். வெளியே வந்து டீ குடிக்கும்போது நீ அந்தப் பெண்ணின் பெயரை நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தாய்.

சான்றுகள் சேர்ந்ததும் வாக்குமூலத்தை நான்தான் எழுதினேன். என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, டிக்‌ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூன்று நாள். கேட்பவரின் பிள்ளைகள் யார் யார் என்று ஓர் இடம் இருந்தது. பாஸ் ரிஜிஸ்டர் எழுதிய அதே கை. ஒரு மகன், டெரிக், கைக்குழந்தையாக இருக்கும்போதே முறைப்படி தத்தெடுக்கப்பட்டவர் என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதினேன். ‘முறைப்படி’ என்பதற்கு நல்ல சொல்லாகத் தேடிப் போட்டேன். இதைப் பார்த்தால் லண்டன்காரனுக்கு வாரிசு விஷயத்தில் எந்தச் சந்தேகமும் வராது, கேஸ் பலமாகிவிடும் என்று நினைத்தேன். நீ படித்துப் பார்க்கவில்லை. “நீ எழுதினா சரியா இருக்கும்,” என்று கையெழுத்துப் போட்டாய்.

பதில் வந்தபோது உனக்குக் கண்ணில் புரை எடுத்திருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஈஸிசேரில் சாய்ந்திருந்தாய். தென்னூரில் இருக்கிற தன் ஏசி ரிப்பேர் கடையை மத்தியானத்துக்கு மூடிவிட்டு உனக்குச் சாப்பாடு போட டெரிக் வந்திருந்தான். நானும் இருந்தேன். “படிடா,” என்றாய். அவன் நின்றபடியே படித்தான். சான்றுகள் திருப்தி, வழி தெளிவாக இருக்கிறது, பாராட்டுகள். உன் முகம் மலர்ந்தது. அவன் அடுத்த பக்கத்தைத் திருப்பினான். தத்தெடுத்த பிள்ளை இந்தப் பட்டத்துக்கு வாரிசாக மாட்டார். ஆகவே பிள்ளைகள் என்ற இடத்தில் ‘எவரும் இல்லை’ என்று திருத்தி, புதுப் படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பினால் மேற்கொண்டு நடவடிக்கை எடுக்கப்படும். பட்டம் தங்களோடு முடிவுறும்.

‘எவரும் இல்லை’ என்ற இடத்தில் அவன் குரல் ஒரு நொடி நின்றது. அப்புறம் கீழே இருந்த கையெழுத்து, பதவி, முகவரி எல்லாவற்றையும் விடாமல் படித்து முடித்தான்.

தத்து என்பது டெரிக்குக்குத் தெரியாத விஷயம் இல்லை. பொன்மலைக்கே தெரியும், நீங்களும் அவனிடம் மறைத்ததில்லை. ஆனால் தெரிந்திருப்பது வேறு, தான் இல்லை என்று தன் வாயாலேயே படிப்பது வேறு. அதைப் படிக்க வைத்தவன் நான். நான் அந்த வார்த்தையைச் சேர்க்காமல் இருந்தால் அந்தக் கடிதத்தில் அந்த வரி வந்திருக்காது.

“போட்டு அனுப்பிடுங்கப்பா,” என்றான் டெரிக். “வெறும் பேப்பர்தானே? தாத்தாவுக்காக. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.”

கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் எந்தப் பக்கம் பார்க்கிறாய் என்று தெரியவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “எங்க பக்கம்லாம் தத்துப்பிள்ளை செல்லும்,” என்றேன். எவ்வளவு அபத்தம் பார். நீ என் பக்கம் திரும்பி, “காபி ஆறுது, குடி,” என்றாய். அவ்வளவுதான். ஒரு கையில் அப்பனும் ஒரு கையில் பிள்ளையுமாக நீ உட்கார்ந்திருந்தாய். கையெழுத்துப் போட்டால் உன் டாடி பொய்யர் இல்லை என்று ஆகும். அதே கையெழுத்தில் டெரிக் உன் பிள்ளை இல்லை என்றும் ஆகும். இந்த இடத்தில் உன்னை உட்கார வைத்தது நான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமல், “அதை எழுதச் சொல்லி அவர் கேட்டாரா, நீங்களா எழுதினேளா?” என்றாள்.

“நானா எழுதினேன்.”

“எல்லாரும் உங்களை மாதிரி பரிவட்டத்துக்காகப் பிள்ளையானவாளா?”

நாற்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவள் என்னைச் சொன்ன கடுமையான வார்த்தை அதுதான். அது உண்மையும்கூட.

அதற்குப் பிறகு நீ அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. மாதம் இரண்டு தடவை சந்தித்துக்கொண்டுதான் இருந்தோம். ஒரு வருடம் பொறுத்து, தைரியம் வந்து, “அந்த விஷயம் என்ன ஆச்சு?” என்று கேட்டேன். “கண்டம்,” என்றாய். அந்த ஒரு வார்த்தையைத் தூக்கிக்கொண்டு இத்தனை வருடம் திரிந்தேன். உன் டாடியின் மானம் என் எழுத்தால் உலைக்குப் போனது என்றே நினைத்தேன்.

இடையில் ஒரு கல்லறைத் திருநாளுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். டெரிக்குக்கு அன்று ஏதோ வேலை. கூட்டத்தில் மெழுகுவத்திப் புகை கண்ணைக் கரித்தது. உன் டாடியின் கல்லைத் துடைத்து, செவ்வந்திப் பூ வைத்து, புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மெல்லிய குரலில் படித்தாய். ஜெபம் என்று நினைத்து நான் நாலடி தள்ளி நின்றேன். வெளியே வரும்போது, “டாடிகிட்ட சாரி சொல்லிட்டேன் மேன்,” என்றாய். பட்டம் வாங்க முடியாமல் போனதற்கு மன்னிப்புக் கேட்டாய் என்று எடுத்துக்கொண்டு, அன்று முழுக்க உன் முகத்தைப் பார்க்காமலேயே வந்தேன்.

இன்று காலை ஃபைலைத் திறந்தேன். உள்ளே அந்தப் படிவம் ஒன்று இல்லை, மூன்று இருந்தன. மூன்றும் நீ உன் கையால் நிரப்பி, அனுப்பி, அவர்கள் திருப்பி அனுப்பியவை. பிள்ளைகள் என்ற இடத்தில், உன் கோணல் எழுத்தில், ஒரு மகன், டெரிக். அவ்வளவுதான். நான் சேர்த்த தத்து என்ற சொல் இல்லை. அந்தப் பெயரைச் சுற்றி லண்டன்காரர் பென்சிலால் வட்டம் போட்டு, திருத்தி அனுப்பவும் என்று மரியாதையாக எழுதியிருக்கிறார். நீ அடுத்த படிவத்தில் மறுபடியும் ஒரு மகன், டெரிக். மறுபடியும் வட்டம். மூன்றாவது தடவையும் அதே. உன் பிடிவாதம் எனக்குத் தெரியும். ஒரு சக்கரத்தை ஜி.எம்மே வந்து சொன்னாலும் மாற்றி எழுத மாட்டாய். சாக்பீஸைத்தான் நீட்டுவாய், வேண்டுமானால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று.

மூன்றாவது படிவத்தோடு வந்த கடைசிக் கடிதம் அடியில் இருந்தது. திருத்தம் செய்யப்படாததால் இந்தக் கோரிக்கையை முடித்துக்கொள்கிறோம் என்று இருந்தது. அதற்கு அடுத்த வரி: தங்கள் தந்தையார் வரையிலான பரம்பரையில் எங்களுக்கு எந்த ஐயமும் இல்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறோம். அந்த வரிக்கு அடியில் நீ ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தாய். மடித்து மடித்துத் தாள் கிழியும் நிலையில் இருந்தது. கல்லறையில் நீ படித்தது இதைத்தான். சாரி சொன்னது அன்று அட்டைக் கிரீடத்தைப் பார்த்துச் சிரித்ததற்கு. அவர் பொய் சொல்லவில்லை என்று எழுத்தில் வந்துவிட்டது. உனக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். மீதிப் பட்டத்தை என்ன செய்தாய் என்பதும் அந்தக் கடிதத்திலேயே இருக்கிறது. மேலே அச்சடித்திருந்த அழகான முத்திரைக்குக் குறுக்கே ‘கண்டம்’ என்று எழுதியிருந்தாய். அந்த மூன்றாவது படிவத்தில் டெரிக் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய டிக்.

“நானும் படிச்சேன் அங்கிள்,” என்றான் டெரிக். “பீரோவுல அம்மா புடவைக்கு அடியில வச்சிருந்தாரு. போட்டு அனுப்பிடுங்கன்னு அவ்ளோ சொன்னேன். போடவே இல்ல பாருங்க.”

“வருத்தமா இருக்கா?”

“இல்ல அங்கிள். கொஞ்சம் கோவம் வந்துச்சு. தாத்தாவுக்காகவாவது போட்டிருக்கலாம்ல. அப்புறம் பஸ்ல வரும்போது, மூணு தடவையான்னு தோணுச்சு. மூணு தடவை எழுதியிருக்காரு.” மறுபடியும் காலண்டரைப் பார்த்தான். இந்தத் தடவை பார்த்தது எனக்காக அல்ல.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். எனக்குப் பொறாமையாக இருந்தது. டெரிக்கின் மேல். எழுபத்து நான்கு வயதில், பேரன் பேத்தி எடுத்த பிறகு, நாற்பது வயது ஏசி மெக்கானிக்கின் மேல் பொறாமை. என் அப்பா நல்லவர், என்னை ஒரு குறையும் இல்லாமல் வளர்த்தார். ஆனால் ஒரு மரியாதை நின்றுபோகக் கூடாது என்பதற்காக என்னைப் பிள்ளையாக்கிக்கொண்டார். நீ ஒரு பிள்ளை நிற்க வேண்டும் என்பதற்காக ஒரு மரியாதையை விட்டாய். தத்தில் குறைச்சல் இல்லை என்று அன்று உன்னிடம் பெரிய மனிதனாகச் சொன்னேனே, அதை நான் எனக்கே சொல்லிக்கொண்டேன் என்பது உனக்கு அப்போதே தெரிந்திருக்கும். அதனால்தான் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாதாடாமல் விட்டாய். அந்த வார்த்தை எனக்குத் தேவைப்பட்டது. உங்கள் இரண்டு பேருக்கும் தேவைப்படவில்லை.

டெரிக் வந்தது இந்த ஃபைலைக் காட்ட மட்டும் இல்லை. உன் பென்ஷன் கணக்கை முடிக்கவும் வீட்டுப் பத்திரத்துக்கும் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் கொடுக்க விவரம் எழுதித் தரச் சொல்லி ஒரு தாளை நீட்டினான். “நீங்க எழுதினா சரியா இருக்கும் அங்கிள்,” என்றான். உன் வாக்கியம், அப்படியே.

இறந்தவர் பெயர் எழுதினேன். தேதி எழுதினேன். வாரிசின் பெயர், டெரிக். இறந்தவருக்கு என்ன உறவு என்று ஓர் இடம். மகன் என்று எழுதி நிறுத்தினேன்.

அவன் எட்டிப் பார்த்தான். “தத்துன்னு சேக்க வேணாமா அங்கிள்? பின்னாடி வி.ஏ.ஓ. ஏதாவது கேட்டா?”

“உறவு என்னன்னுதான் கேட்டிருக்கு. அதுக்குப் பதில் எழுதியாச்சு.”

“இல்ல, ரூல்னு ஏதாவது...”

“கேட்டா என்னையக் கூப்பிடு. அந்த ரிஜிஸ்டர் எழுதினவனே நான்தான், நான் வந்து சொல்லிக்கறேன்.”

அவன் தாளை வாங்கிப் படித்தான். அந்த ஒரு சொல்லில் அவன் கண் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நாலாக மடிக்காமல், கசங்காமல், ஃபைலுக்குள் வைத்துக்கொண்டான். என் மனைவி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். புளியோதரை. இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

உன் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் அந்த வார்த்தையை இரண்டு தடவை எழுதினேன், தொரை. ஒரு தடவை ரூலுக்காக, ஒரு தடவை பெருமைக்காக. இரண்டு தடவையும் நீ கையெழுத்துப் போட்டாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்றாவது தடவை பேனா என் கையில் இருந்தது, நான் எழுதவில்லை. முந்தைய இரண்டுக்கும் என்னை மன்னித்துவிடு.

அடுத்த மாதம் எனக்குப் பரிவட்ட நாள். தலையில் அது இருக்கும். இடுப்பு மடிப்பில் உன் சாக்பீஸ் இருக்கும். டெரிக்கிடம் கேட்டுத்தான் எடுத்துக்கொண்டேன், வாரிசு அவன்தானே.